மூணு ராஜாவும் எதில் வந்தார்கள்?

1.

இந்தக் கதை எனக்குப் பாதிதான் கிடைத்தது. மீதியை நான் செய்துகொண்டிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

1994 பொங்கலுக்குச் சில நாள் முன்னால், திருவள்ளூர் லோக்கலில், என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் இன்னொருவரைக் கேட்டார்: “அப்ப மூணு ராஜாவும் இன்னாத்துல வந்தாங்க? கூட்ஸ்லயா, ட்ரெய்லர்லயா?”

மற்றவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் கொரட்டூர் வந்துவிட்டது. மாலை லோக்கலில் கொரட்டூர்க்காரன் இறங்குவதில்லை, இறக்கப்படுகிறான். நானும் என் பையும் பிளாட்பாரத்தில் இருந்தோம். பதில் ரயிலோடு போய்விட்டது.

2.

தொடக்கம் ஒன்று: “வங்கக் கடலின் நீல அலைகள் பட்டாபிராமில் ஒரு வீட்டு ஹாலில் வந்து—”

(நிறுத்திவிட்டேன். அந்தக் கடல் ரெக்சின். ரெக்சினில் அலை வராது.)

தொடக்கம் இரண்டு: “அன்புடையீர், இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம்—”

(கைப்பழக்கம். சோளிங்கர் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கடிதம் எழுதத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.)

தொடக்கம் மூன்று. இது நிற்கும் என்று நம்புகிறேன்:

பட்டாபிராமில் செபாஸ்டியன் என்று ஒருவர். துறைமுகத்தில் ஷண்டிங் மாஸ்டராக இருந்தவர். கூட்ஸ் வண்டியிலிருந்து வேகன்களைக் கழற்றி, வேறு தண்டவாளத்துக்குத் தள்ளி, மறுபடி கோத்து அனுப்புகிற வேலை. எண்பத்தாறில் ஓய்வு பெற்றதும் வீட்டு ஹாலிலேயே ஒரு துறைமுகம் கட்டினார். கட்டில் அளவுக்குத் தேக்கு மேசை. நீல ரெக்சினில் கடல். குடைக்கம்பியில் கிரேன். பிஸ்கட் டின்னை வெட்டி வேகன். எஞ்சின் மட்டும் பர்மா பஜாரில் வாங்கிய வெளிநாட்டுச் சரக்கு. நடுவில், அவர் வேலை பார்த்த அதே சரக்குக் கொட்டகை.

இந்தத் துறைமுகத்துக்கு ஒரே ஒரு சட்டம். நிஜக் கொட்டகைக்கு அன்று எத்தனை கூட்ஸ் வந்ததோ, வீட்டிலும் அத்தனைதான் ஓடும். அதிகமாக ஒன்று ஓட்டினால் அது விளையாட்டு. செபாஸ்டியன் விளையாடுகிறவர் அல்ல.

3.

கணக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதற்குக் கங்காதரன் இருக்கிறார். இன்னும் துறைமுகத்தில் வேலையில் இருப்பவர், வீடு திருவள்ளூரில். அவர் வரும் வேக லோக்கல் பட்டாபிராமில் நிற்காது. எனவே ஏற்பாடு என்னவென்றால், செபாஸ்டியன் பிளாட்பாரக் கடைசியில் நிற்பார். கங்காதரன் வாசலில் தொங்கியபடி கையை நீட்டுவார். எத்தனை வண்டியோ அத்தனை விரல். ஒன்றும் வராவிட்டால் மூடிய கை.

உரமும் கோதுமையும் மூட்டை மூட்டையாக வந்த காலத்தில் மூன்று விரல், நான்கு விரல் என்று செழிப்பாக இருந்தது. பிறகு சரக்கெல்லாம் கன்டெய்னர் என்கிற இரும்புப் பெட்டிக்குள் போயிற்று. பெட்டியெல்லாம் ட்ரெய்லர் லாரியில் ஏறிப் பூந்தமல்லி ரோட்டோடு போயிற்று. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. தொண்ணூற்று மூன்று முழுக்கக் கங்காதரன் குத்துச்சண்டைக்காரர் மாதிரி முஷ்டியைக் காட்டிக்கொண்டே திருவள்ளூர் போய்ச் சேர்ந்தார்.*

* அந்த ஒரு கொட்டகையின் கதைதான் இது. மற்ற இடங்களில் கூட்ஸ் வந்துகொண்டுதான் இருந்தது. ரயில்வே அன்பர்கள் எனக்கு மறுப்புக் கடிதம் எழுத வேண்டாம். எழுதினால் பதில் எழுதாமல் என்னால் இருக்க முடியாது.

அக்டோபரில் ஒரு நாள், ஐந்து விரல்! செபாஸ்டியன் ஓடினார். ஐந்து வண்டியையும் ஓட்டினார். தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கங்காதரன் நேரில் வந்து தலையைச் சொறிந்தார்.

“அது டாட்டா அண்ணே. எதிர் டிராக்ல என் சகலை போனான்.”

செபாஸ்டியன் மேசைக்குப் போனார். எஞ்சினை ரிவர்ஸில் போட்டு ஐந்து வண்டியையும் பின்னாலேயே ஓட்டி ரத்து செய்தார். ஜாங்கிரியைத்தான் ரத்து செய்ய முடியவில்லை.

4.

இப்போது ஜெயபால் வர வேண்டும். செபாஸ்டியனின் மனைவி தெரசாவுக்குத் தம்பி. சொந்தமாக இரண்டு ட்ரெய்லர் லாரி. அவற்றின் மேலேறித்தான் அந்தப் பெட்டிகள் துறைமுகத்தை விட்டுப் போகின்றன. நசரத்பேட்டையில் புக்கிங் ஆபீஸ் திறக்கப்போகிறான். அவனுக்கு ஒரு மீசையும் கெட்ட சிரிப்பும் கொடுத்து வில்லனாக்கப் பார்த்தேன். (முடியவில்லை. வரும்போதெல்லாம் அக்காவுக்குப் பூவும் மாமாவுக்கு முறுக்கும் வாங்கிவருகிறான். மீசையை எடுத்துவிட்டேன்.)

“மாமா, ஹார்பர் சும்மா தூங்கிகினு கீது. மேசையக் குடுத்துடுங்க. என் ஆபீஸ் கவுண்டருக்கு அளவெடுத்து செஞ்சா மாதிரி கீது.”

“கடல எங்க வெக்கிறது மச்சான்?”

“சுருட்டி வெச்சிக்கங்க. ரெக்சின்தானே!”

தெரசா இதற்குச் சிரிக்கவில்லை. முஷ்டி காட்டிய நாளெல்லாம் புருஷன் அந்த மேசைக்குப் பக்கத்தில், தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பவள் அவள்தான்.

கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்க ஹாலில் வேறு இடமில்லை. தெரசா மேசையை ஒரு சுற்று பார்த்தாள். “கொட்டகைதான் ஏற்கெனவே கீதே” என்றாள். சரக்குக் கொட்டகைக்குள் மாட்டையும் ஆட்டையும் வைத்தாள். மாதாவையும் சூசையப்பரையும் வைத்தாள். இருபத்தைந்தாம் தேதி பாலன் இயேசுவும் பிறந்துவிட்டார். பாலனுக்குக் காணிக்கை கொண்டுவரும் மூன்று ராஜாக்களை மட்டும் தூரத்தில், கப்பல் நிற்கிற பக்கம் நிறுத்தினாள். ஜனவரி ஆறு, ராஜாக்கள் திருநாள் அன்று அவர்கள் கொட்டகைக்கு வந்து சேர வேண்டும்.

5.

“ராஜாங்க எங்கேர்ந்து வந்தாங்க?” என்றாள் தெரசா.

“கெழக்கேர்ந்து.”

“மெட்ராஸுக்குக் கெழக்க இன்னா கீது?”

“...கடல்.”

“அப்ப கப்பல்ல வந்து எறங்கிட்டாங்க. கையில பொன்னு, சாம்பிராணி, வெள்ளப்போளம். இது சரக்கா இல்லியா? கொட்டகைக்குப் போவணும். உங்க வண்டி ஓடுமா ஓடாதா? திருநாளுக்குள்ள ஓடலன்னா மேசைய தம்பி தூக்கிகினு போட்டும். ஓடாத ரயிலுக்குக் காவல் இருக்கறத என்னால பாக்க முடியல.”

செபாஸ்டியன் தப்பிக்கப் பார்த்தார். “ராஜாங்க ஒட்டகத்துலதான் போனாங்க. ஒட்டகம்னா ரோடு.”

ஜெயபால் கை தட்டினான். “கேட்டியா அக்கா! மாமாவே ஒத்துகினாரு. ரோடுதான்! அதுவும் டோர் டெலிவரி, நேரா பாலன் படுத்துகினு கீற தொட்டி வாசல்ல!” சட்டைப் பையிலிருந்து ஒரு பொம்மை ட்ரெய்லரை எடுத்து ராஜாக்கள் பக்கத்தில் நிறுத்தினான். “மூணு பேரும் தாராளமா ஒக்காரலாம். கிரீடம் இடிக்காது.”

“இருடா,” என்றாள் தெரசா. “ஏங்க, பூசையில சுவிசேஷம் வாசிக்கிறாங்களே, அதுல ஒட்டகத்துல வந்தாங்கன்னு எங்க வருது?”

செபாஸ்டியன் கோயில் பாட்டுக்குழுவில் வருஷக்கணக்காக நின்றவர். கண்ணை மூடி யோசித்தார். அங்கே நட்சத்திரம் இருந்தது, ஞானிகள் என்ற பேரில் ராஜாக்கள் இருந்தார்கள். ஒட்டகம் இல்லை.

“இன்னாத்துல வந்தாங்கன்னு எழுதல.”

“அப்ப வண்டியில அனுப்புங்க.”

“எழுதாதத நான் ஓட்டக் கூடாது தெரசா. ஒருக்கா டாட்டாவுக்கு ஓட்டினது போதும்.”

“மேசை போயிடும் மாமா,” என்றான் ஜெயபால். கேலி குறைந்த குரல். முறுக்குப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினான்.

“போனா போட்டும். கங்காதரன் ஒரு வெரல் காட்டினா ஓட்டறேன்.”

6.

ஒரு விரல்தானே, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முடிவு அ: ஆறாம் தேதி மாலை. கங்காதரன் கை நீட்டினார். ஒரு விரல்! செபாஸ்டியன்—

(ஓடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். “இன்னா சரக்கு சார்? எந்த ஊர்லேர்ந்து?” எனக்குத் தெரியவில்லை. எழுதியதை அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: ராஜாக்கள் ட்ரெய்லரில் போனார்கள். ஜெயபால் ஆள் வைத்து மேசையைத் தூக்கினான். அது வாசலில் நுழையவில்லை. ஹாலுக்குள்ளேயே செய்த மேசை. ரம்பம் கொண்டுவரச் சொன்னான்—

(ரம்பம் வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை.)

முடிவு இ: திடீரென்று கரண்ட் போயிற்று—

(கரண்டை நிறுத்திக் கதையை முடிப்பவன் கோழை.)

7.

ஆகவே, அன்புடையீர், ஆறாம் தேதியைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன். அன்று கங்காதரனுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டேன். வேக லோக்கலின் வாசலில் அவர் இடம் காலி. தாங்கள் நிற்கலாம். ஏறுவதற்கு முன் துறைமுகம் வரை போய், அந்தக் கொட்டகைக்கு நிஜமாகவே ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறவும். இரக்கப்பட்டு நீட்டுகிற விரலை அவர் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

தெரசா சுவிட்ச் பக்கத்தில் நிற்கிறாள். ஜெயபால் வாசலில், ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறான். மூன்று ராஜாக்களும் கடலோரம் காத்திருக்கிறார்கள். செபாஸ்டியன் பிளாட்பாரக் கடைசியில் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்து கல்லூரி ஸ்டேஷன் தாண்டியாயிற்று, அடுத்தது பட்டாபிராம். கையை வெளியே நீட்டுங்கள். மூடிய கையா, ஒரு விரலா, தங்கள் பாடு. எதிர் டிராக்கில் தெரிந்தவர் யார் போனாலும், தயவுசெய்து டாட்டா மட்டும் காட்டிவிடாதீர்கள்.