இரவல் மட்டை

கடைசிப் பதினெட்டு முறை ஆடப்போன ஹாலெக் பதினெட்டு முறையும் வெறுங்கையோடு திரும்பியிருந்தான். இருபது வருட பேஸ்பால் ஆட்டத்தில் அடித்த அடிகள் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. மூவாயிரமாக இன்னும் ஒன்றுதான்; அதைப் பார்க்க ஐந்து நாளாக அரங்கம் நிரம்பி வழிந்தது. மதிய வெயிலிலும் ஏரிக்காற்று குளிர்ந்தது.

"பெருசு, என் மட்டைய எடுத்துக்கோ," என்றான் பெஞ்சில் பக்கத்திலிருந்த தியோ. "ஒரே நீளம், ஒரே எடை. உன்னோடதுல அடி தீந்து போச்சு. என்னோடதுல நெறைய பாக்கி இருக்கு."

"வேணாம்."

"ஏன், கடிச்சிடுமா?"

"வேணாம்னா விடேன்டா."

தியோ சிரித்தான். எட்டு வருடம் சிறு ஊர்களில் பஸ்ஸிலேயே படுத்துறங்கி ஆடியவன், இந்த வசந்தத்தில்தான் பெரிய அணிக்கு வந்திருந்தான். அடுத்த மாதம் அவன் மனைவிக்குப் பிரசவம்.

ஒரு மட்டைக்குள் இத்தனை அடிதான் இருக்கும் என்பது ஆட்டக்காரர்கள் எல்லோரும் பாதி விளையாட்டாகச் சொல்வது. ஹாலெக்குக்கு அது விளையாட்டாக இல்லை. முதல் வருடம் டாயல் என்பவனிடம் இரவல் வாங்கிய மட்டையில்தான் அவனுடைய முதல் அடி விழுந்தது. அதற்குப் பிறகு டாயலால் ஒரு பந்தைக்கூட அடிக்க முடியவில்லை. ஒன்பதாம் வருடம், கை ஓய்ந்து கிடந்த நேரத்தில், மார்ஷ் என்ற இன்னொருவன் தன் மட்டையைக் கொடுத்தான். அதன்பின் ஹாலெக் அடித்தான், மார்ஷுக்கு அடி விழவில்லை. மார்ஷின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார் மருத்துவர். "பந்து கெளம்புறது தெரியுது, வர்றதுதான் தெரியல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு மார்ஷ் ஊருக்குப் போய்விட்டான். தற்செயலாகவும் இருக்கலாம். இரண்டு பேரை வைத்து எதைத்தான் நிச்சயமாகச் சொல்வது? ஆனாலும் ஹாலெக் அதன்பின் யார் மட்டையையும் தொட்டதில்லை. யாரிடமும் காரணம் சொன்னதும் இல்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

எட்டாவது சுற்றில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அரங்கமே எழுந்து நின்றது. வழக்கமாக மட்டைப் பிடியின் நுனிக் குமிழில் எழுதிய தன் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மட்டையை எடுப்பான். அன்று பார்க்கவில்லை. அடுக்கில் தன் இடமான மூன்றாவது குழியிலிருந்து உருவிக்கொண்டு நடந்தான்.

இரண்டாவது பந்து. அடித்தான்; கையில் அதிர்வே இல்லை. பந்து இடப்பக்கத்துப் புல்லில் விழுந்து உருண்டது. ஓடிப்போய் முதல் தளத்தில் அவன் நின்றபோது கூச்சலில் காது அடைத்தது.

பயிற்சியாளர் மட்டையைப் பொறுக்கி வந்து நீட்டினார். "பத்திரமா வெச்சுக்கப்பா. கண்ணாடிப் பெட்டிக்குப் போற சாமான்."

குமிழில் எட்டு என்று எழுதியிருந்தது. தியோவின் எண்.

ஹாலெக் திரும்பிப் பார்த்தான். அடுத்து ஆட வந்துகொண்டிருந்த தியோ, திருட்டுத்தனம் பலித்த சிரிப்போடு கண்ணடித்தான். "சொன்னேன்ல!" என்று கத்தினான்.

"தியோ, இருடா!" ஹாலெக்கின் குரல் அந்த இரைச்சலில் அவனுக்கே கேட்கவில்லை.

பந்து வீசப்பட்டது. நடுவாக, மெதுவாக, யாரும் அடித்துவிடக்கூடிய பந்து. பிடிப்பவனின் கையுறையில் அது சொத்தென்று விழுந்தது. அடிக்கத் தவறியதாக நடுவர் கை உயர்த்தினார்.

தியோ மட்டையைத் தோளில் சாய்த்தபடி, இன்னும் வராத பந்துக்காக, கண் இமைக்காமல் எதிரே பார்த்துக்கொண்டு நின்றான்.