உறைந்த எண்ணெய்

மலைமேல் மலை அடுக்கி, அவற்றின் சரிவெல்லாம் தேயிலைப் பசுமை போர்த்து, அப்பசுமையின் மேல் தைத்திங்கள் உறைபனி உப்புத் தூவினாற்போற் படிந்து கிடக்கும் இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனையின் விடியலைக் கண்டவர் அதன் அழகைப் பாடுவர். அங்கே வாழ்ந்தவர் அதன் குளிரைத்தான் பேசுவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டில் அத்தகைய விடியல் ஒன்றில், கொழுந்து பறிப்பவளாகிய வேலாயி, சளிக்காய்ச்சலால் உயிர்நீத்த கணவன் அழகுமுத்துவின் தலைமாட்டில், தேங்காயெண்ணெய்ப் புட்டி ஒன்றைக் கையிற் பற்றி அமர்ந்திருந்தாள். அவள் அழவில்லை.

இறந்தவன் தலையில் மனைவி எண்ணெய் வைத்த பின்னரே நீராட்டி எடுத்துச் செல்வது அம்மக்களின் முறை. எண்ணெயோ குளிரில் உறைந்து, புட்டியைக் கவிழ்த்தாலும் சொட்டாதாயிற்று. இழவு வீட்டில் அடுப்பு மூட்டலாகாது. அவ்வெண்ணெய் அயலார் அடுப்பில் ஏறுதலும் ஆகாது. கதிரவனோ அன்று மூடுபனியை விட்டு வெளிவருவதாயில்லை.

தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி சின்னத்தம்பி வாசலில் வந்து நின்றார்.

"பன்னெண்டு மணிக்குள்ள எடுத்துறணும்மா. தொரை அரைநாத்தான் விட்டிருக்காரு. எண்ணெ உருகலேன்னா வெறுந்தலையோடதான் போகணும்."

"வெறுந்தலையோட அனுப்ப மாட்டேங்க," என்ற வேலாயி, புட்டியை மார்போடு அணைத்துக் கம்பளியால் இறுகச் சுற்றிக்கொண்டாள்.

நேரம் சென்றது. ஒப்பாரி வைத்த பெண்டிர் ஓய்ந்து, வைக்காத இவளைக் கடைக்கண்ணால் நோக்கித் தமக்குள் முணுமுணுத்தனர். அடுத்த வீட்டு ராசம்மா மட்டும் அருகில் வந்து முதுகைத் தடவினாள்.

"அழுதுரு புள்ள. நெஞ்சு அடைச்சுக்கும்."

"எனக்கு ஒண்ணும் தோணலக்கா. ஆளு தூங்குற மாதிரிதான் இருக்கு."

உண்மையாகவே அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பசியில்லை, அச்சமில்லை, புட்டியின் குளிர் மார்பில் உறைப்பதும் வேறெவர்க்கோ நேர்வது போலிருந்தது. உச்சிப்பொழுது நெருங்கியபோது எண்ணெய் நெகிழ்ந்து, தெளிந்து, நீராயிற்று. ஆடவர் பாடையைத் தூக்கி வாசலில் வைத்தனர்.

உள்ளங்கையில் வார்த்து அவன் உச்சியில் வைத்தாள். வழிந்து நெற்றிக்கு இறங்கிய எண்ணெய் அங்கே நின்றது, வெளுத்தது, அவள் பார்த்திருக்கவே மீண்டும் உறைந்தது. விரலால் தேய்த்தாள், உருகிற்று, விரலை எடுத்ததும் உறைந்தது. இரு கைகளையும் அந்நெற்றியில் அழுத்தி வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

"அக்கா," என்றாள் மெல்ல, "இவரு செத்துத்தான் போயிட்டாருக்கா."

காலையிலிருந்து எத்தனையோ பேர் அவளுக்கு அதனைச் சொல்லியிருந்தனர். உயிருள்ள உடம்பின் சூடு எதனையும் உருக்கும். அதனை ஏற்க மறுபுறத்தே ஓர் உயிர் இல்லாதபோது, அச்சூட்டை வைத்துக்கொண்டு அவள்தான் என் செய்வாள்?