டெல்மர் வைத்திருப்பது போல ஒரு மட்டை

சும்மா சொல்லக் கூடாது, என் மச்சினன் டெல்மர் நல்ல லக்ராஸ் ஆட்டக்காரன்தான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். முன்வரிசையில் நின்று, வலை கட்டிய மட்டையால் பந்தை எறிந்து கோல் போடுவான். எங்கள் ஊர் ஓஸ்வெக்கன் அரங்கமே எழுந்து கத்தும். நான் பின்னால் நின்று எதிராளியை மறித்து, அடி வாங்கி, பந்தைப் பிடுங்கிக் கொடுப்பேன். அதற்கு யார் கத்துகிறார்கள்? என் பெண்டாட்டி வில்மாகூடத் தம்பி பெயரைச் சொல்லித்தான் தொண்டை கிழியக் கத்துவாள். சோள சூப்பில் கறி அதிகம் விழுவதும் அவன் கிண்ணத்தில்தான்.

ஒனண்டாகாவில் நடக்கும் கோடை லக்ராஸ் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். டெல்மரைப் போன வாரமே எடுத்தாயிற்று, இனி அவன் ஆடிக் காட்ட வேண்டியதில்லை. பின்வரிசையில் இன்னும் ஒரே ஒரு இடம். ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்வதாகக் கோச் எல்வுட் சொல்லியிருந்தார். எனக்கு முப்பத்துநான்கு வயதாகிறது. இதை விட்டால் இனி யார் கூப்பிடப் போகிறார்கள்?

தடுக்கிறவனுக்கு மர மட்டைதான் சரி. ஹிக்கரி மரம், நல்ல கனம். ஒரு தட்டு தட்டினால் எதிராளியின் மட்டை வலையிலிருந்து பந்து தெறித்து ஓடும். எனக்கென்றே அளவெடுத்துச் செய்த ஒன்று வீட்டில் இருக்கிறது. நானோ அதை வைத்துவிட்டு, டெல்மர் வைத்திருப்பது போலவே ஒரு பிளாஸ்டிக் மட்டை வாங்கிக்கொண்டு போனேன். கையில் இருப்பதே தெரியாது, வலை ஆழம், கோல் போடுகிறவனுக்கு ஏற்றது. ஒரே ஒரு கோலாவது போட்டுக் காட்டிவிட வேண்டும் என்று எனக்குப் புத்தி கெட்டுப் போயிருந்தது.

இடைவேளைக்குள்ளேயே சாயம் வெளுத்துவிட்டது. நான் தட்டினால் எதிராளிக்குக் கொசு கடித்த மாதிரி. நான்கு கோல் விட்டோம். மூன்று என்னைத் தாண்டித்தான் போயின.

"ரஸ், என்னய்யா அது கையில? ஈ ஓட்டுறியா?" என்றார் எல்வுட். "உன் மட்டைய வரவழைச்சு ஆடு. இல்லன்னா கிளம்பு."

வீட்டுக்குப் போன் போட்டேன்.

"வில்மா, கதவுக்குப் பின்னால என் மர மட்டை இருக்கு. சட்டுனு எடுத்துட்டு வா."

"யோவ், உனக்கென்ன கிறுக்கா? மர மட்டைய நான் என்னிக்குய்யா தொட்டேன்?"

மர மட்டை எங்கள் பழங்குடி ஆண்களுக்கான புனிதப் பொருள்; எங்கள் பெண்கள் அதைத் தொடுவதில்லை. நடக்கப் பழகும் வயதிலேயே எல்லாருக்கும் தெரிகிற விஷயம். பதற்றத்தில் அதைக்கூட மறந்திருந்தேன்.

"டெல்மர் இங்கதான் சாப்பிட்டுட்டு இருக்கான். அவன்கிட்ட குடுத்தனுப்பவா?"

"வேணாம்."

"அஞ்சு நிமிஷத்துல வந்துருவான்யா..."

"அவன் கொண்டாந்து குடுத்து நான் ஆடணுமா? வேணாம்னா விடுடி!"

சொன்னால் கேட்கிற ஆளா அவன்? ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்துவிட்டான். மூச்சு வாங்க ஓடி வந்து, தடுப்புப் பலகைக்கு மேலாக மட்டையை நீட்டினான்.

"மச்சான்! இந்தா, பிடி!"

அரங்கமே அவனைத்தான் பார்த்தது. ஆடாமல் நின்றாலும் அவனைத்தான் பார்ப்பார்கள், பாவிகள்! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மச்சான், காது கேக்கலயா?"

கேட்டது. நன்றாகவே கேட்டது. அந்த நேரம் பார்த்து ஒருவன் என்னை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். குறுக்கே போட்ட என் புது மட்டை ஒரு பக்கம் பறந்தது. கோல்.

ஆட்டம் முடிந்ததும் எல்வுட் பலகையோரம் வந்தார். "யாருதுடா அது?" என்று டெல்மரைக் கேட்டார்.

"மச்சானோடது, கோச். இது மட்டும் அவர் கையில இருந்தா ஒருத்தன் தாண்ட முடியாது. எனக்கே அவர் பக்கம் போகப் பயம். அவர எடுத்துக்குங்க கோச்."

இருபது வருடமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. அதை இவன் வாயால்தானா கேட்க வேண்டும்?

"நீ நீட்டுனியே, அவன் வாங்கலையேப்பா," என்றார் எல்வுட். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து, வேறொருவன் பெயரை எழுதினார்.