வேன் அக்காவின் கார்டு

நானும் என் தம்பியும் ஒரு வருடத்துக்கு மேலாகப் பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை, நடுவில் அம்மா. "அம்மா, அந்தாளைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு" என்பேன். அவன் கேட்டுக்கொண்டேதான் இருப்பான். இருந்தாலும் அம்மா அவன் பக்கம் திரும்பி, "அக்கா உன்னத் தள்ளி உக்காரச் சொல்றா" என்று ஒப்பிப்பாள்.

எல்லாம் என் பழைய கிரெடிட் கார்டால் வந்த வினை. செல்போன் ரிப்பேர் கடை போடப் போகிறேன் என்று வாங்கிப் போனவன், கடைச் சாமானோடு பெரிய டிவி, உடற்பயிற்சி சைக்கிள் என்று வாங்கித் தள்ளினான். அந்த சைக்கிளில் இன்று வரை அம்மாவின் துணிதான் காய்கிறது. "அடுத்த மாசம் கட்டிடறேன்க்கா" என்று அவன் சொல்லிச் சொல்லியே வட்டி குட்டி போட்டது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு நான்தான் அடைத்தேன். அடைத்தும் என்ன, வங்கிக்காரர்களிடம் என் பெயர் கெட்டது கெட்டதுதான். ஒருமுறை அவன் ஒரு கவரில் பணம் கொண்டுவந்து மேசையில் வைத்தான். எடுத்து அவன் மேலேயே வீசினேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பிள்ளைகளுக்கு நான் வேன் அக்கா. ஆனால் வேன் என்னுடையது இல்லை. முதலாளி ஒருநாள், "அடுத்த வருஷம் தொழிலை விட்டுடறேன்மா. வண்டி உனக்குத்தான் முதல்ல. உன்னால முடியலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றார். வேறு ஆள் வந்தால் ஸ்டியரிங்கும் போகும், பிள்ளைகளும் போவார்கள். உடனே கடன் கேட்டு வங்கிக்கு ஓடினேன்.

மேனேஜர் அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இப்போ எங்க கேட்டாலும் கிடைக்காது. ஒண்ணு பண்ணுங்க. உங்க சேமிப்ப இங்க டெபாசிட்டா போடுங்க. அத ஈடா வெச்சு ஒரு கார்டு தர்றோம்."

"என் பணத்த வாங்கி வெச்சுக்கிட்டு எனக்கே கடன் குடுப்பீங்களா? நல்லா இருக்கே."

"சொல்றத முழுசாக் கேளுங்க. மாசாமாசம் கொஞ்சமா செலவு பண்ணி, கெடு தாண்டாம முழுசாக் கட்டிட்டு வாங்க. ஒழுங்கா கட்டுறாங்கன்னு பதிவாகும். அதுல உங்க ஸ்கோர் ஏறும்."

சரி என்று போட்டேன். கார்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். பீரோச் சாவியை நான் ஒளித்து வைக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் அவ்வப்போது மறந்துபோகும்.

டீசலுக்கு மட்டும் கார்டு என்று வைத்துக்கொண்டேன். பழைய கார்டில் பட்ட பாட்டுக்குப் பிறகு வங்கி அனுப்பும் பில்லைப் பார்த்தாலே எரிச்சல், பிரித்துப் பார்ப்பதே இல்லை. பெட்ரோல் பங்கில் தந்த சீட்டுகளை நானே கூட்டி, அந்தப் பணத்தை நேரே கவுண்டரில் கொண்டுபோய்க் கட்டுவேன். ஒருமுறை அங்கிருந்த பெண், "பாக்கி ஒண்ணும் இல்லையேக்கா" என்றாள். "அதெப்படி இல்லாமப் போகும்? நான் போட்ட டீசல் எனக்குத் தெரியாதா? பிடிம்மா" என்று அதட்டினேன். பாவம், வாங்கிக்கொண்டாள்.

வருடம் ஓடியது. மேனேஜர் அம்மா கூப்பிட்டு, "ஸ்கோர் நல்லா ஏறியிருக்கு. கடன் கிடைக்கும்" என்றபோது அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. ஆனால் வண்டிக்கு நான் கையிலிருந்து போடவேண்டிய முன்பணம் என்று ஒன்று இருந்தது. டெபாசிட்டைச் சேர்த்தும் துண்டு விழுந்தது. முதலாளியிடம் கெஞ்சிப் பார்ப்போம் என்று எழுந்தேன்.

"ஏன் போறீங்க? கார்டுலதான் அவ்வளவு பணம் அதிகமாக் கிடக்கே. அத எடுத்தா சரியாப் போயிடும்."

"அது என் பணம் இல்ல. யாரோடதையோ தப்பா என் கணக்குல போட்டிருக்கீங்க. மொதல்ல அத எடுங்க. அப்புறம் அதுக்கும் வட்டின்னு வந்து நிப்பீங்க."

வேண்டாம் என்று சண்டை போடுகிறவளை அவர் பார்த்ததில்லை போலும். சிரித்துக்கொண்டே, பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். "ஒரு செல்போன் ரிப்பேர் கடைக் கணக்குலேர்ந்து மாசம் தவறாம வருதுங்க. நீங்களும் கட்டுறீங்க, அவங்களும் கட்டுறாங்க."

வீட்டுக்கு வரும்வரை என் கோபம் இறங்கவில்லை. அவன் தோசைக்கல் முன்னால் நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, என் பீரோவ யாரு திறந்தாங்கன்னு கேளு."

அம்மா கேட்டாள். அவன் அடுப்பை அணைத்தான். "ஒரே ஒரு தடவதான்னு சொல்லும்மா. நம்பர மட்டும் பாத்துட்டுப் பூட்டிட்டேன். கையில குடுத்தா மூஞ்சில வீசுவா. கார்டு வீசாதுல்ல."

மாசம் தவறாமல் கட்டியிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதுச் சட்டைகூட எடுக்காமல் அதே இரண்டு சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தானே, கஞ்சன் என்று அம்மாவிடம் கேலி செய்தேனே. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எது முந்தியது என்று தெரியவில்லை.

பையிலிருந்து கார்டை எடுத்து அவன் முன்னால் நீட்டினேன்.

"டேய், வண்டிக்கு டீசல் போட்டுட்டு வா."

பழக்க தோஷத்தில் அம்மா அவன் பக்கம் திரும்பினாள். "டேய், அக்கா உன்ன டீசல் போட்டுட்டு..."

"எனக்கே கேட்டுச்சும்மா" என்றான். கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் கார்டை வாங்கினான். வாசல்வரை போனவன் நின்று, என்னைப் பார்த்துக் கேட்டான்.

"முழு டேங்காக்கா?"

"முழு டேங்க்தான். சீட்டு வாங்க மறந்துடாத."