வேலி வக்கீலின் கடல்

தீர்ப்பு வாசிக்கப்பட்ட மறுநாள் காலை, பெரிய நாட்டின் போர்க்கப்பல் ஒன்று சின்ன நாட்டின் கடலில் மிதப்பதை நிறுத்திவிட்டு, தரையில் உட்காருவதுபோலத் தண்ணீரின்மேல் உட்கார்ந்துவிட்டது. மூழ்கவில்லை, சாயவும் இல்லை. பாசியும் சிப்பியும் அப்பிய அதன் அடிவயிறு முழுக்க வெளியே தெரிந்து வெயிலில் காய்ந்தது. மாலுமிகள் ஏணி போட்டு இறங்கி, தண்ணீரின்மேல் நடந்துபோய் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. பக்கத்திலேயே சரக்குக் கப்பல்கள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தன. வழியோடு போகிறவர்களைக் கடல் ஒன்றும் செய்யவில்லை. வலை போடுகிறவர்களைப் பிடிக்க வந்து நின்றதை மட்டும்தான் உட்கார வைத்தது.

அந்தத் தீர்ப்பை வாங்கியவளை ஊரில் வேலி வக்கீல் என்பார்கள். வேலியைத் தள்ளிப் போட்டான், கிணற்றுப் பாதையை மறித்தான் என்ற வழக்குகளிலேயே பெயர் எடுத்தவள். துணிக்கடைக்கு மேலே ஒற்றை அறை, கால் ஆடும் மேசை, இஷ்டப்பட்டால் சுற்றும் மின்விசிறி, இவ்வளவுதான் அவள் அலுவலகம். எந்த வழக்கிலும் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வேலியை அளந்தால் முழுதாக அளக்க வேண்டும். தனக்குச் சாதகமான மூலையை மட்டும் அளக்கச் சொல்லும் கட்சிக்காரரை, காகிதக் கட்டோடு படியிறக்கி விடுவாள். பாதிப் பேர் திட்டிக்கொண்டே போனார்கள். மீதிப் பேர் ஜெயித்தார்கள்.

அந்தக் கடல் தன்னுடையது என்று பெரிய நாடு கப்பலை அனுப்பி, சின்ன நாட்டில் மீன்பிடிக்கிறவர்களைப் பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தபோது, அவள் தம்பியும் படகோடு மாட்டிக்கொண்டான். அம்மா அவன் சட்டைகளைத் திரும்பத் திரும்பத் துவைத்துக் காயப்போட்டாள். அக்காக்காரி நேரே வெளியுறவு மந்திரியிடம் போனாள். அவர் கையைப் பிசைந்தார்.

"உள்ளூர்ச் சட்டத்துக்குப் போலீஸ் இருக்கும்மா. நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவுல இருக்கிற சட்டத்துக்கு யாரு போலீஸ்?"

"யாரும் இல்ல சார். நாங்க இப்படித்தான் நடந்துக்குவோம்னு நாடுங்க ஒண்ணுக்கொண்ணு வாக்குக் கொடுத்திருக்கு. கடல், ஆகாயம், கைதி, அகதி எல்லாத்துக்கும் கொடுத்திருக்கு. அந்த வாக்குதான் சர்வதேசச் சட்டம். கொடுத்தவங்களைக் கேட்டுத்தான் பார்ப்போமே."

வேறு வக்கீல் வைக்க வழியில்லாததால் மந்திரி தலையாட்டினார். பெரிய நாடு எந்தக் காலத்திலோ, நாலு பேர் முன்னால் கெத்தாக இருக்கட்டும் என்று, சர்வதேச நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தது. வேலி வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டாள். எதிர்த்தரப்பில் ஒரு பெஞ்சு நிறைய வக்கீல்கள். இந்தப் பக்கம் இரவல் அங்கியில் இவள் ஒருத்தி. வருஷங்கள் ஓடின. சண்டை நடந்த இடத்தை மட்டும் பேசினால் போதும் என்று மந்திரி போனில் கெஞ்சினார். ஏனென்றால், முழு எல்லையையும் அளந்தால் ஊரே மூன்று தலைமுறையாக மீன் அள்ளிய கடல்திட்டு கைவிட்டுப் போகக்கூடும். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தே முழுதாக அளக்கக் கேட்டாள். தீர்ப்பு வந்தது: சண்டை நடந்த கடல் சின்ன நாட்டுக்கு, பிடிபட்டவர்களை விட்டுவிட வேண்டும், திட்டு பெரிய நாட்டுக்கு.

கடைசி ஆள் விடுதலையாகிற வரைக்கும் போர்க்கப்பல் எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு மெல்லத் தண்ணீருக்குள் இறங்கி, வந்த வழியே போனது. துறைமுகத்தில் கூட்டம் அலைமோதியது. தம்பி அக்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு மீன் ஏலக்கூடத்தைச் சுற்றி வந்தான். ஊருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரமே தம்பி திட்டுக்குப் படகை விட்டான். தீர்ப்பு போட்ட எல்லைக் கோட்டைத் தாண்டியதும் அவன் படகும் தண்ணீரின்மேல் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளினான், உதைத்தான், கடலைக் கண்டபடி ஏசினான். படகின் மூக்கை வீட்டுப் பக்கம் திருப்பிய பிறகுதான் அது மிதந்தது. நேரே அக்காவின் அறைக்கு வந்து நின்றான்.

"நீ எங்களுக்கு வக்கீலா, அவனுங்களுக்கு வக்கீலா?"

"வேலின்னா ரெண்டு பக்கத்துக்கும்தான்டா வேலி."

"அப்பா வலை போட்ட இடம் அது."

"அதனாலதான் எனக்கும் தூக்கம் வரல," என்றாள் அவள்.

அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவன்தான். ஒரே வீட்டில் சாப்பிட்டும் அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டான். அம்மா நடுவில் தூது போய்க் களைத்துப்போனாள். ஜெயித்த வழக்கில் தம்பியைத் தோற்றுவிட்டோமோ என்று வக்கீல் உள்ளுக்குள் புழுங்கினாள். இப்படியே சில வருஷங்கள் போயின. ஊர் வலைக்காரர்கள் வேறு இடங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

ஒரு மத்தியானம் தம்பியின் படகு இன்ஜின் நின்றுபோய், நீரோட்டம் அவனைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. பழக்கத்தில் வலையைக் கையில் எடுத்தான். அப்போதும் படகு உட்காரவில்லை. அவன் கையை விட்டுப் பார்த்தான், வெறும் தண்ணீர். கடல் எப்போதோ தன் வேலையை விட்டிருந்தது. அடியில் மீன் கூட்டம் கூட்டமாக முட்டியது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கப்பல் இல்லை, கேட்பதற்கு ஒரு ஆள் இல்லை. கொஞ்ச நேரம் வலையைக் கையில் பிடித்தபடி நின்றான். பிறகு அதைச் சுருட்டி வைத்துவிட்டு, இன்ஜினைச் சரிசெய்தான்.

அன்று சாயங்காலம் துணிக்கடைப் படியேறி வந்து, அவனாகவே பேசினான்.

"அக்கா, கோட்டைத் தாண்டிட்டேன். படகு உட்காரல."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, திரும்பி வந்துட்டேன். நாம கேட்டு வாங்குன கோடுதானே."

அவள் எழுந்து வந்து அவன் தலையைக் கலைத்துவிட்டாள். தீர்ப்பு வந்த நாளில்கூட அவள் மனசு இப்படி நிறைந்ததில்லை. மறுநாள் தம்பி ரேடியோவில் பெரிய நாட்டுக் கப்பல்காரர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் விசாரித்தான். கடல் உட்கார வைப்பதை விட்டுவிட்டது அவர்களுக்குப் போன வருஷமே தெரியுமாம். அவர்களும் அந்தக் கோட்டில்தான் திரும்பிக்கொண்டிருந்தார்களாம். செய்தி துறைமுகத்தில் பரவியது. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அன்று மீன்வரத்து சுமார், விலை கொஞ்சம் ஏறியிருந்தது.