ரயிலடியில் எழும்பி நின்ற கார்

1934ஆம் வருஷம், அடைமழை விட்ட மாதத்தில், குளுவாங் ரயிலடி வாசலில் கிரகோரியின் வாடகைக் கார் தரையைவிட்டு ஓர் ஆள் உயரம் எழும்பி, பொழுது சாயும்வரை அப்படியே நின்றது. உள்ளே கிரகோரியும் அவன் மனைவி இன்பராணியும் இருந்தார்கள். நெஞ்சு நோயோடு ஜோகூர் பாரு ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் கிடந்தவள், அன்றுதான் குணமாகி ரயிலில் வந்து இறங்கியிருந்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அவள் கோழிகளைத்தான் முதலில் விசாரித்தாள்.

"கோழி ஏது? நீ பொழைக்கணும்னு எல்லாத்தையும் மாதாவுக்கு நேர்ந்து கொடுத்துட்டேன்."

"அந்தக் கொத்துற சேவலையுமா? பாவம் மாதா!"

சொல்லிவிட்டு இன்பராணி சிரித்தாள். நடுவில் ஒரு இருமல்கூட வராமல் சிரித்து முடித்தாள். கிரகோரி அதைக் கவனித்தான். அப்போதுதான் கார் எழும்பியது.

அது அதிகாரிகளின் வண்டிகளுக்காக ஒதுக்கிய இடம். காவலுக்கு நின்ற மலாய்ப் போலீஸ்காரர் தடியால் காரின் அடியில் தட்டி, "துருன்! துருன்!" என்று இறங்கச் சொன்னார். இறங்கத்தான் தானும் பார்ப்பதாகவும், வண்டி கேட்கவில்லை என்றும் கிரகோரி மலாயில் மரியாதையாகப் பதில் சொன்னான். போலீஸ்காரர் ரயிலடியில் ஏணி வாங்கி வந்து, ஏறி, சம்மனைக் கண்ணாடியில் செருகிவிட்டு இறங்கினார். எதிரே காப்பிக் கடையில் இருந்தவர்கள் வெயிலுக்குத் தோதாக நாற்காலிகளைக் காரின் நிழலுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

அது கிரகோரிக்கு மூன்றாவது சம்மன். குற்றம் உறுதியானால் வாடகைக் கார் லைசென்ஸ் போய்விடும். சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கே, பழைய புகைக்கூட வேலைக்கே திரும்ப வேண்டும். கூலிக்காரர் லயத்து வீடுகளின் ஈரமும் ரப்பர் புகையும் இன்பராணியின் நெஞ்சுக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அவளோ, மன்னிப்புக் கேட்டுக் காலில் விழுந்தாவது லைசென்ஸைக் காப்பாற்றச் சொன்னாள். வீதியில் நிறுத்தாத வண்டிக்கு எதற்கு மன்னிப்பு என்று கிரகோரி பிடிவாதமாக நின்றான். வழக்கு நாளன்று காலை இருவரும் பேசிக்கொள்ளாமலே கோர்ட்டுக்குப் போனார்கள்.

கிரகோரி கூண்டில் ஏறினான். ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போட்டு, பாவத்துக்குப் பரிகாரமாகச் சாமியார் சொன்ன ஜெபங்களை எண்ணிச் சொன்ன பழக்கத்தில், மாஜிஸ்திரேட் துரையைப் பார்த்து, "ஃபாதர், நான் பாவி" என்று ஆரம்பித்துவிட்டான். துபாஷ் ஐயாசாமி நல்ல மனிதர். ஆள் பயந்திருக்கிறான், ஆனால் குற்றத்தை மறுக்கிறான் என்று அதை இங்கிலீஷில் சொன்னார். கார் வீதியில் நிற்கவில்லை, வீதிக்கு மேலே நின்றது என்ற வாதத்தைத் துரை நிதானமாகக் கேட்டார். அப்படியானால் காட்டு என்றார்.

கோர்ட்டு முற்றத்தில் காரை நிறுத்தி, கணவனும் மனைவியும் உள்ளே உட்கார்ந்தார்கள். கார் அசையவில்லை. ஐயாசாமி கால்படியில் ஏறி நின்று, துரை காத்திருக்கிறார் என்று ஞாபகப்படுத்தினார். கிரகோரி ஸ்டியரிங்கை மேலே இழுத்தான், ஜெபம் சொன்னான், வியர்த்தான். துரை கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், தோட்டம்தான் என்று கிரகோரிக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. இன்பராணி அவன் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து இருந்த கோபம் அவளிடமிருந்து போய்விட்டது. மெதுவாக அவன் காதோரம் சாய்ந்தாள்.

"ஏங்க, தொரைகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணீங்களே, எத்தன அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னாரு?"

கிரகோரி முதலில் முறைத்தான். பிறகு வாயைப் பொத்தினான். பிறகு இருவராலும் அடக்க முடியவில்லை. கார் ஒரு குலுக்கலோடு கிளம்பி, கால்படியில் நின்ற ஐயாசாமியையும் சேர்த்துக்கொண்டு, கோர்ட்டுக் கூரை உயரத்துக்குப் போய் நின்றது.

"அலமாக்! எறக்குங்கய்யா, எனக்குப் பிள்ளகுட்டி இருக்குலா!"

துரை தொப்பியைக் கழற்றிவிட்டுக் காருக்கு அடியில் ஒருமுறை நடந்தார். குடையை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. வீதி நகரத்துக்குச் சொந்தம், அதற்கு மேலே இருப்பதைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை, வழக்கு தள்ளுபடி என்று தீர்ப்புச் சொன்னார். ஐயாசாமி கதவைக் கட்டிப் பிடித்தபடியே, கீழே நின்ற கூட்டத்துக்கு அதைத் தமிழிலும் மலாயிலும் மொழிபெயர்த்தார். அவருடைய உத்தியோகத்தில் அவ்வளவு தெளிவாக அவர் பேசியதில்லை என்று கேட்டவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு கல்யாணப் பெண்களும் மாப்பிள்ளைகளும் கிரகோரியின் காரையே வாடகைக்குப் பேசினார்கள். சந்தை வீதியில், கார் தட்டாமல் போக, துணி காயும் கொடிகளைச் சற்று உயர்த்திக் கட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து, மருத்துவச்சி ஆரிஃபாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, மெங்கிபோல் ஆற்றுக்கு மேலே, தென்னை மட்டை உயரத்தில், இன்பராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கீழே ஆற்றோரச் சந்தையில் இருந்தவர்கள் என்ன குழந்தை என்று அண்ணாந்து கேட்டார்கள். "பொண்ணு! பேட்ரிசியா!" என்று கிரகோரி கத்தினான். நல்லது என்று சொல்லிவிட்டு அவர்கள் பேரத்தைத் தொடர்ந்தார்கள். அன்றைக்குக் குளுவாங்கில் மீன் நல்ல மலிவு.