நடுவில் நின்றால் இழுக்கும்

டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரும் அவர் மனைவியும் குடியிருந்த பத்தடி அறை ஒரு புதன்கிழமை காலை முப்பதடி ஆனது. வெளியே பார்க்கக் கட்டடம் எப்போதும்போல ஒல்லியாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுச் சுவர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கீழ்வீட்டுக்காரர் மட்டும், மேலே நடக்கிற சத்தம் தன் வீட்டையும் தாண்டிப் போகிறது என்று புகார் சொன்னார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது.

காரணம் மனைவியின் வேலை. வீடியோ கேம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பட்டன், மெனு, பெட்டி, சட்டகம் எல்லாம் வரைபவள் அவள். அங்கே அவளுக்குப் பட்டன்காரி என்றே பெயர். விளையாடுகிறவர்கள் எல்லோரும் ஒரே அளவுத் திரை வைத்துக்கொள்ளும் நல்ல குணம் உள்ளவர்களா என்ன? ஒருவர் உள்ளங்கை அளவு ஃபோனில் ஆடுவார், இன்னொருவர் சுவர் அளவு டிவியில் ஆடுவார். ஆகவே அவள் வரைகிற எதுவும் இழுத்தால் இழுபட வேண்டும், இழுத்தது தெரியவும் கூடாது. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். படத்தின் மேல் குறுக்கே இரண்டு கோடும் நெடுக்கே இரண்டு கோடும் போட்டால் ஒன்பது துண்டாகும். நான்கு மூலைகளும் எத்தனை இழுத்தாலும் அப்படியே நிற்கும். ஓரங்கள் நீளும், நடுத்துண்டு விரியும். அதனால் நடுவில் முகம், பூ எதையும் வரையக் கூடாது. வரைந்தால் மல்லிகை பூசணிக்காய் ஆகிவிடும்.

புதிய கேம் ஒன்றில் வீரன் வந்து படுத்துத் தூங்க ஓர் அறை தேவைப்பட்டது. மாதிரிக்கு எங்கே போவது? தன் வீட்டு அறையையே வரைந்துவிட்டாள். அதன் ஒவ்வொரு சுவரும் அவளுக்கு மனப்பாடம், ஏனென்றால் எல்லாவற்றிலும் அவள் முழங்கை இடித்திருந்தது. அவர் சட்டை மாட்டினால் இவள் முகத்தில் கை படும். இவள் நாற்காலியைத் தள்ளினால் அவர் ஷூ நசுங்கும். சண்டை இல்லாத நாள் இல்லை, எல்லாம் இடத்துக்காக. "வெளியூர் கிளைக்கே மாத்தல் வாங்கிட்டுப் போயிடுவேன்" என்று அவர் மிரட்டாத வாரமும் இல்லை. அந்தப் புதன்கிழமை டேப்லெட்டுக்காக அவள் மவுஸைப் பிடித்துப் படத்தை இழுத்தாள். வீட்டில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர், எதிர்ச்சுவர் விலகிப் போவதைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தார்.

"ஏய், நம்ம ரூம் பெருசாயிடுச்சு."

"ஜன்னல் கோணிக்கிச்சா?"

"இல்ல, நேராத்தான் இருக்கு."

"அப்ப கோடு சரியாத்தான் போட்டிருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முதலில் இருவருக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் கட்டிலும் பீரோவும் முன்கதவு மூலையில் இருந்தன, அவள் மேசையும் அடுப்பும் பின்கதவு மூலையில். டிவிக்காக இன்னொரு இழுப்பு, கண்காட்சித் திரைக்காக மற்றொன்று என்று அறை பஸ் ஸ்டாண்ட் அளவுக்கு வந்துவிட்டது. நடுவில்தான் ஆபத்து. ஓடிக் கடந்தால் ஒன்றும் ஆகாது, நின்றால் நின்றவரையும் இழுத்துவிடும். அங்கே மறந்து விட்ட ஸ்டூல் பெஞ்சாகிக் கிடந்தது. குழாய் ரிப்பேருக்கு வந்த பிளம்பர் நடுவில் நின்று அரசியல் பேசினார், போகும்போது பக்கவாட்டில் திரும்பித்தான் கதவைத் தாண்ட முடிந்தது. அவர் கோபப்படவில்லை. நீளக் குழாயின் இரண்டு முனையையும் இனி தானே பிடித்துக்கொள்ளலாம், உதவிக்கு ஆள் தேட வேண்டாம் என்று சந்தோஷமாகப் போனார். தங்கமான மனிதர்.

சண்டை நின்றது. கூடவே பேச்சும் நின்றது. மூலை வளரவே வளராது என்றேனே, அதில் ஓர் ஆள்தான் கொள்ளும். அவர் முன்கதவால் போய் வந்தார், அவள் பின்படியால் இறங்கி ஏறினாள். தெருவில் எதிர்ப்பட்டால் "சாப்டியா?" "ஆச்சு, நீங்க?" என்று விசாரித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரர்கள்போல நகர்ந்தார்கள். இப்படியே ஒரு வருஷம் ஓடியது. பிறகு ஒரு நாள் அவர் ஃபோனில், மாற்றல் வந்துவிட்டது, போகிறேன் என்றார். "இங்கயும் தூரம்தான், அங்கயும் தூரம்தான்." கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். சாதாரணமாகச் சொன்னார், அதனால் என்றைக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் முதல் வேலையாக மேனேஜரிடம் போய் நின்றாள். "சார், அந்த ரூமைக் கொஞ்சம் சுருக்கிக்கட்டுமா?"

"கிளையன்ட் ஓகே சொன்ன ஃபைலைத் தொடுறதா? என்னம்மா, உனக்கு உடம்புகிடம்பு சரியில்லையா?" என்றார் மேனேஜர். அந்த அலுவலகத்தில் எல்லோரும் மதித்த ஒரே சட்டம் அது. அவளும் மதித்தாள்.

கிளம்புகிற அன்று காலை அவர் பெட்டியோடு முன்கதவில் நின்றார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு நடந்து வந்தாள். நடுவுக்கு வந்ததும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி, இழுத்துடும்!" என்று அங்கிருந்தே கத்தினார்.

"இழுக்கட்டும். உங்க மூலையில எனக்கு இடமில்ல, என் மூலையில உங்களுக்கு இடமில்ல. ரெண்டு பேருக்கும் சேர்த்து இங்கதான் இருக்கு. போகாதீங்க."

"அகலமாயிடுவ. பாக்க நல்லாவா இருக்கும்?"

"நீங்க வரீங்களா, இல்லையா?"

அவர் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அதற்குள் அவள் இடது தோள் ஒரு சாண் போயிருந்தது. பெட்டியைக் கீழே வைத்தார். ஓடவில்லை, நடந்தே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

பல வருஷம் ஆகிவிட்டது. தையல்காரர் அவர்கள் சட்டைக்கு ஒட்டுத் துணி போட்டே தைக்கிறார், ஏன் என்று கேட்பதில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் உட்கார்ந்தால், கற்க வந்தவர் கதவோடு ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். அப்படிக் கற்றவர்கள் எந்தச் சந்திலும் ஓட்டுவார்கள் என்று ஊரில் நல்ல பேர். சண்டையும் திரும்பி வந்துவிட்டது, இப்போது போர்வை எட்டவில்லை என்று. சண்டை முடிந்து ஒருவரை ஒருவர் முழுதாகக் கட்டிக்கொள்ள முன்னைவிட நேரம் பிடிக்கிறது. அவர்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.